மாறுவேடப் போட்டி போதுமா?

ஆண்டுவிழா என்றால் தொடக்கப் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி இல்லாமல் இருக்காது. ஒரு பிள்ளை தலைப்பாகை கட்டிக்கொண்டு பஞ்சாபியாக வரும். இன்னொன்று கசவுச் சேலையில் கேரளப் பெண். மூன்றாவது, சட்டையில் காகித ரோஜா குத்திய நேரு. தலைமையாசிரியர் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று பேசி முடிப்பார், கைதட்டல், மிட்டாய். பிள்ளைகளுக்கு அது நல்ல பொழுது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பண்பாட்டுப் பன்மையைச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது என்று அதோடு கணக்கை முடித்துவிடுகிறோம். வேறு மாதிரி மனிதர்கள் எங்கோ தொலைவில், ரயிலேறிப் போனால்தான் இருப்பார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்கக் குழந்தைக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ், 1989இல் வெளிவந்த தம் நூலில் இந்த வகைக் கற்பித்தலைச் சுற்றுலாவோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். அடுத்தவர் வாழ்க்கையிலிருந்து உடை, உணவு, பண்டிகை மூன்றையும் பொறுக்கி எடுத்து ஒருநாள் சுற்றிக்காட்டிவிட்டு, மறுநாள் வழக்கம்போலப் பாடத்துக்குத் திரும்பிவிடுவது. எந்த ஊருக்கும் பொருந்தும் கண்டனம் அது. தருமபுரிக்குக் கூடுதலாகவே பொருந்தும், ஏனென்றால் இங்கே ஒன்றாம் வகுப்புப் பாயில் உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளுக்குள்ளேயே அந்தப் பன்மை இருக்கக்கூடும்.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2ஆம் தேதி பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. மேற்கே கர்நாடக எல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் உண்டு. தருமபுரி நகரத்தில் உருது கேட்கும். அரூர் வட்டத்தில் தண்டாக்கள் எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகள். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காவிரிக் காடுகளை ஒட்டி இருளர். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அதாவது, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் பலர் இங்கே படிக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளியின் தமிழே ஒரு புதிய பண்பாடுதான்.

‘சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், நாம்தான் நஞ்சை விதைக்கிறோம், பேசாமல் இருந்தாலே போதும்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. நான்கைந்து வயதிலேயே பிள்ளைகள் நிறம், பேச்சு, உடை, யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் கவனிக்கிறார்கள். அதற்குப் பொருள் தருவது பெரியவர்களின் நடத்தை. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு கோடைப் பள்ளியில் ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என இரண்டு நிறச் சட்டைகளைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை; அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மற்ற வகுப்புகளில் நிறப்படி உட்காரவைத்தார், நிறப்படி வரிசையில் நிறுத்தினார். ஆசிரியர் எந்த நிறத்தையும் உயர்த்திப் பேசவில்லை. ஆனாலும் சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் தங்கள் நிறத்தாரே மேலானவர்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே, சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு நினைவுக்கு வராமல் போகாது. 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் எல்லார் முன்னாலும் அறிவிக்கக் கூடாது என்றும் சொன்னது. பலரும் இதை உயர்நிலைப் பள்ளிச் சிக்கலாகவே படித்தார்கள். எனக்கென்னவோ, இதை முதலில் படிக்க வேண்டியவர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்தான் என்று தோன்றுகிறது. கயிறு ஒன்பதாம் வகுப்பில் கைக்கு வருகிறது, ஆனால் ‘நம்மாள், வேற்றாள்’ என்ற கணக்கு ஐந்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மொழி, சாப்பாடு, கதை, பாட்டு, கும்பிடும் சாமி, கும்பிடாமல் இருப்பது: இவை வேறுபாடுகள். பிள்ளை இவற்றைத் தெரிந்துகொள்ளட்டும், ரசிக்கட்டும். மேல், கீழ் என்பது வேறுபாடு அல்ல, அநீதி. சாதியையும் ‘நம் பன்முகப் பண்பாடு’ என்ற தாம்பாளத்தில் வைத்துப் பிள்ளைகள் முன் நீட்டினால் பாடமே கெட்டுவிடும். முதலாவதைக் கொண்டாடவும் இரண்டாவதை மறுக்கவும் ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வேலை கடினமானது இதனால்தான்.

எளிதான பக்கத்திலிருந்து தொடங்கலாம்: வீட்டு மொழி. தண்டாவிலிருந்து வரும் பிள்ளை முதல் சில மாதங்கள் வாயே திறக்காது. ‘மந்தமான பிள்ளை’ என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுவதும் நடக்கிறது. பிள்ளை மந்தமில்லை. பாதி வார்த்தை புரியவில்லை, அவ்வளவுதான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கிறோம். அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளைக்கு எழுத்து வரவில்லையா, தமிழ் வரவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஆசிரியர் அந்த மொழியைக் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. தண்ணீர், பசி, வலி, வெளிக்குப் போக வேண்டும், அம்மா, வா, உட்கார், பயப்படாதே: இவ்வளவு தெரிந்தால் முதல் மாதம் ஓடிவிடும். இதையே வகுப்பு விளையாட்டாகவும் ஆக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் வைத்து, ‘இதை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். தண்ணி என்பார் ஒருவர். கன்னட வீட்டுப் பிள்ளை நீரு, தெலுங்கு வீட்டுப் பிள்ளை நீள்ளு, உருது வீட்டுப் பிள்ளை பானி, லம்பாடிப் பிள்ளை பாணி. கடைசி இரண்டும் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன என்று பிள்ளைகளே கேட்பார்கள். லம்பாடி மொழியும் உருதும் வடக்கிலிருந்து வந்த ஒரே மொழிக் குடும்பம் என்று அப்போது சொல்லலாம். நீரு என்பது தமிழ் ‘நீர்’போல இருக்கிறதே என்றும் எவராவது கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு, வாய் திறக்காத அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்கு ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழி வழிக் கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு. 1956இல் சேர்த்தது. ஒடிசா அரசு 2007 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்து, பிறகு 21 மொழிகளுக்கு விரித்தது. பிள்ளை வீட்டு மொழியில் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் போகும். நம் மாவட்டத்தில் ஒவ்வொரு தண்டாவுக்கும் பாடப்புத்தகம் அச்சிடுவது எளிதில்லை; லம்பாடி மொழிக்குத் தனி எழுத்தும் இல்லை. ஆனால் தமிழ் எழுத்திலேயே லம்பாடிப் பாட்டு நான்கையும் கதை இரண்டையும் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்ட யாருடைய ஆணையும் தேவையில்லை.

அடுத்தது, நல்ல எண்ணத்தோடு போய் விழும் பள்ளம். மேல்நாட்டு ஆசிரியர் கையேடுகளில் பார்த்தால், ‘உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள்’, ‘உங்கள் வீட்டுப் பண்டிகையைச் சொல்லுங்கள்’ என்றுதான் பயிற்சி தொடங்கும். நம் ஊரில் அது அத்தனை சாதுவான கேள்வி இல்லை. ‘உங்கள் குலதெய்வம் எது?’, ‘எந்தத் தெரு?’, ‘அப்பா என்ன வேலை?’, ‘வீட்டில் என்ன கறி சமைப்பீர்கள்?’ இந்த நான்கும் போதும், ஒரு பிள்ளையின் சாதியை வகுப்பு முழுக்கத் தெரிந்துகொள்ள. பன்மைப் பாடம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் சாதிக் கணக்கெடுப்பு நடத்தியிருப்போம்.

அப்படியானால் வீட்டைப் பற்றிக் கேட்கவே கூடாதா? கேட்கலாம், கேள்வியை மாற்றி. ‘உன் பாட்டிக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றைச் சொல்’ என்று கேளுங்கள். ஒரு பாட்டி சாமையை உரலில் குத்துவார், ஒருவர் புளி அடிப்பார், ஒருவர் பிரசவம் பார்ப்பார், ஒருவர் கதை சொல்வார். ‘உன் வீட்டுத் தாலாட்டு எப்படி இருக்கும்?’ என்று கேட்கலாம். ‘களி யார் வீட்டில் எப்படிக் கிண்டுவார்கள்?’ என்றும் கேட்கலாம். ராகிக் களி இந்த மாவட்டத்தில் எல்லார் வீட்டுக்கும் பொது. எவரையும் எழுப்பி நிறுத்தாமல், சொல்ல விரும்புகிறவரைச் சொல்லவிட வேண்டும். முதலில் ஆசிரியர் தன் வீட்டுக் கதையைச் சொல்லித் தொடங்கினால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். இருளர் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ‘உங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்’ என்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஓர் இனத்தின் தூதராக வேலை பார்க்க முடியாது.

அரூர் வட்டத்துச் சிட்டிலிங்கியைப் பற்றி இந்த இடத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு அது. மலையாளி ஊர்களும் லம்பாடித் தண்டாக்களும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே பழங்குடியினர் நல மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். லம்பாடிப் பெண்களின் உடை கண்ணாடிச் சில்லும் சோழியும் வண்ண நூலும் சேர்த்துத் தைத்தது. கடைத்துணி வந்ததும், கேலிப் பேச்சும் சேர்ந்துகொள்ள, இளம்பெண்கள் அதை உடுத்துவதை விட்டார்கள். இரண்டு தலைமுறையில் தையல்முறையே மறக்கிற நிலைக்கு வந்தது. அதை நினைவில் வைத்திருந்த மூதாட்டிகளிடமிருந்து இளையவர்கள் மறுபடி கற்றுக்கொண்டு, ‘பொர்கை’ என்ற பெயரில் கைவினைஞர் அமைப்பாகத் திரண்டார்கள். இன்று அந்தத் தையல் பெருநகரக் கண்காட்சிகளுக்குப் போகிறது. அதே பள்ளத்தாக்கில் ‘துளிர்’ என்ற கற்றல் மையமும் பல ஆண்டுகளாக இயங்குகிறது.

இதில் ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? தண்டாவைச் சேர்ந்த ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைக்கலாம். வேடிக்கைப் பொருளாக நிறுத்த அல்ல, சொல்லித்தருகிறவராக. ஒரு தையலை எப்படி எண்ணிப் போடுவது என்று அவர் காட்டட்டும். சதுரம், முக்கோணம், வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வருவது எல்லாம் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம்தான். பாட்டி ஆசிரியரின் நாற்காலியில் உட்காருவது ஒன்றே, பேசாமல் நடக்கும் ஒரு பாடம். இன்னொரு செய்தியைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம்: இதே லம்பாடி மக்கள் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பழங்குடியினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டில் இரண்டுமில்லை. மனிதரைப் பெட்டிக்குள் போடுவது அரசாங்கத்துக்கே எவ்வளவு குழப்பமான வேலை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

வரலாற்றுக்கும் தூரம் போக வேண்டாம். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்று எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஔவையும் நெல்லிக்கனியும் வாயில் வரும். அதே தகடூரை 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர்கள் ஆண்டதும், இங்கே சமணப் பள்ளி கட்டியதைக் கன்னடக் கல்வெட்டு பதிவு செய்திருப்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தருமபுரியை உள்ளடக்கி மைசூர் சுல்தான்களின் கையிலிருந்த பாராமகால் பகுதி 1792இல் ஆங்கிலேயரிடம் போனது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ இங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தார். வயல்வரப்பில் நிற்கும் நடுகற்களை வேடியப்பன் என்று சனங்கள் கும்பிடுகிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய், மாடு மீட்கச் செத்த ஒருவன் எப்படிச் சாமியானான் என்று பேசினால், நம் ஊர் ஒரே மொழியாலும் ஒரே மதத்தாலும் ஆனதில்லை என்பது தானாக விளங்கும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது மூண்ட பகையைத் தணிக்க, எலியட் ஆரோன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் உருவாக்கியது. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுப்பது. காவிரியைப் பற்றிய பாடம் என்றால் ஒருவருக்குக் குடகு, ஒருவருக்கு ஒகேனக்கல், ஒருவருக்கு மேட்டூர், ஒருவருக்குக் கல்லணை. மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது. ‘நட்பாக இருங்கள்’ என்று நூறு தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

எல்லாவற்றையும்விட வலிமையான பாடம் நடக்குமிடம் வகுப்பறை அல்ல, சாப்பாட்டு வரிசை. 1982இல் விரிந்த சத்துணவும் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், ஒரே பானைச் சோற்றைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்னும் பழக்கத்தைத் தந்தன. அதுவும் சும்மா வரவில்லை. பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காக 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட வேண்டாமென்று தடுத்தார்கள். அதிகாரிகள் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. ஆசிரியர் அந்த வரிசையில் தானும் தட்டோடு உட்கார்ந்தால் போதும். விளக்கம் வேண்டாம்.

கடைசியாக, கசப்பான பகுதி. இதே மாவட்டத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரசுப் பணியாளர்களே மலையாளி மக்கள்மீது வன்முறையும் பாலியல் கொடுமையும் நிகழ்த்தினார்கள். 2011இல் தண்டனை வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி உள்ளிட்ட பட்டியல் சாதிக் குடியிருப்புகளைச் சாதிவெறிக் கும்பல் எரித்தது. இவற்றை ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காக்கிச் சட்டையைக் கண்டு ஒரு பிள்ளை ஏன் ஒதுங்குகிறது, ஒரு தாய் ஏன் பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

பிள்ளையே வந்து கேட்கும் நாளும் வரும். ‘டீச்சர், அவங்க வீட்டுல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லுது’ என்று. ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று அதட்டினால், பேச்சுத்தான் நிற்கும், எண்ணம் தங்கிவிடும். ஆயாவைத் திட்டினாலும் பிள்ளை ஆயா பக்கம்தான் நிற்கும். ‘ரொம்ப நாளாகச் சிலர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பு, சட்டப்படியும் குற்றம். நான் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பேன்’ என்று அமைதியாகச் சொன்னால் போதும். சொன்னபடி ஒருநாள் குடிக்கவும் வேண்டும், பிள்ளைகள் பார்க்க. சாதிப் பெயரை வசையாக வீசும் பிள்ளையிடமும் இதே நிதானம் வேண்டும். அடிபட்ட பிள்ளையை முதலில் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், வைத பிள்ளையோடு பிறகு தனியாகப் பேச வேண்டும். சும்மா விட்டுவிடக் கூடாது; வகுப்பு நடுவில் கூண்டில் ஏற்றவும் கூடாது.

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, கட்டடம், கழிப்பறைப் பேச்சோடு இவற்றையும் கேளுங்கள்: உதவித்தொகைப் பட்டியலை எப்படித் தெரிவிக்கிறீர்கள்? பிள்ளைகள் எந்த வரிசைப்படி உட்காருகிறார்கள்? ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு வீட்டு மொழி வேறு, ஆசிரியருக்கு அது தெரியுமா? காலைச் சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்களா? கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.